மிசுகி நானா இரண்டையும் எப்படிப் பிடித்தார்? குரல் நடிப்பு, பாட்டு பற்றி ஒரு கேள்வி

லாஸ்பேட்டை_தம்புரா (புதுச்சேரி)

எல்லாருக்கும் வணக்கம். லாஸ்பேட்டையில் இருக்கிறேன், பி.காம் இரண்டாம் வருஷம். சின்ன வயதிலிருந்து பாட்டு கற்றுக்கொள்கிறேன், இப்போது கீர்த்தனை வரை வந்திருக்கிறேன். ஜப்பானிய அனிமேஷன் தொடர்களான ஆனிமேயும் அதே அளவுக்குப் பிடிக்கும்.

நருட்டோவில் ஹினாட்டாவை ஜப்பானிய மொழியிலேயே கேட்டிருப்பீர்கள். பேசலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கி, பாதி வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும். சிம்ஃபோகியர் தொடரில் வாளைத் தூக்கிச் சண்டை போட்டபடியே பாடும் கசானாரி ட்சுபாசாவையும் கேட்டிருப்பீர்கள், அந்தக் குரலில் தயக்கத்துக்கு இடமே கிடையாது. இரண்டும் மிசுகி நானாதான் என்று தெரிந்ததிலிருந்து அவர் பாடியதை எல்லாம் தேடிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருத்தர் இரண்டு தொழிலையும் இருபது வருஷத்துக்கு மேல் இவ்வளவு உயரத்தில் வைத்திருப்பது எப்படி? பாட்டுக்காரராக இருந்து குரல் கொடுக்க வந்தாரா, இல்லை குரல் கொடுத்துப் பெயர் வாங்கியதால் பாடவைத்தார்களா? ஜப்பானில் மட்டும் ஏன் குரல் கலைஞர்கள் இத்தனை பேர் பாடுகிறார்கள்?

நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. எனக்கு இரண்டும் செய்ய வேண்டும். வீட்டில் டிகிரி முடித்துவிட்டு பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள், கோபமாக இல்லை, அக்கறையாகத்தான். புதுச்சேரியில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது? "திறமை இருந்தால் தானாக வரும்" என்பது போன்ற பதில் வேண்டாம், தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

தங்கச்சி, நல்ல கேள்வி. நானாவின் பாட்டை நான் ரொம்ப வருஷமாகக் கேட்கிறேன், அதனால் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் வந்தது பாட்டுதான், அதுவும் ஆனிமே பாட்டு இல்லை, என்கா. ஜப்பானில் பெரியவர்கள் உருகிக் கேட்கும் பாட்டு அது, துறைமுகம், பிரிவு, குடி, ஊர் ஞாபகம் என்று போகும். நானா 1980 ஜனவரி 21 அன்று ஷிக்கோக்கு தீவில் எஹிமே மாகாணத்து நீஹாமா நகரத்தில் பிறந்தார். செம்புச் சுரங்கத்தால் வளர்ந்த ஊர். அப்பா பல் மருத்துவத்துக்கான செயற்கைப் பற்கள் செய்து தருபவர், கூடவே கரோக்கே வகுப்பும் நடத்தியவர். மகளை என்கா பாடகியாக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. அதனால் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு முன்னாலேயே சாதகம் தொடங்கிவிட்டது, பக்கத்து ஊர்ப் பாட்டுப் போட்டி எல்லாவற்றிலும் ஏற்றிவிடுவார். பதினைந்து வயதில் டோக்கியோவுக்குப் போய், கலைத்துறைப் பிள்ளைகள் நிறையப் பேர் படித்த ஹோரிகோஷி உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, ஒரு பாட்டு ஆசிரியரிடம் தங்கிக் கற்றார்.

அப்படிப் போயும் பாடகியாக அறிமுகம் கிடைக்கவில்லை. வருஷங்கள் ஓடின. அந்த இடைவெளியில்தான் யோயோகி ஆனிமேஷன் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகையோடு குரல் நடிப்புப் படித்தார். 1998இல் ஒரு பிளேஸ்டேஷன் விளையாட்டில் ஒரு பள்ளி மாணவிக்குக் குரல் கொடுத்ததுதான் முதல் வேலை. கிங் ரெக்கார்ட்ஸில் மிஷிமா அகியோ என்ற தயாரிப்பாளர் அவர் பாடுவதைக் கேட்டு எடுத்துக்கொண்டார், 2000 டிசம்பர் 6 அன்று முதல் சிங்கிள் வெளிவந்தது. ஆக உன் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: பாட்டுக்காகப் புறப்பட்டவர், பாட்டுக்கதவு திறக்காதபோது குரல் நடிப்பு வழியாக உள்ளே வந்தவர்.

அந்த முதல் சிங்கிள் ஒன்றும் பெரிதாக விற்கவில்லை, அடுத்து வந்ததும் அப்படித்தான். இதை ரசிகர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள், எனக்கு அந்த நாலு வருஷம்தான் முக்கியமாகப் படுகிறது. 2002இல் ஹினாட்டா வந்தது, அப்போது அது பெரிய வேடம்கூட இல்லை. 2004இல் மாஹோ ஷோஜோ லிரிக்கல் நானோஹா என்கிற தொடரில் ஃபேட் என்ற பெண்ணுக்குக் குரலும் கொடுத்தார், முகப்புப் பாட்டும் பாடினார். அந்தப் பாட்டில்தான் ஜப்பானின் பாட்டு விற்பனைப் பட்டியலான ஓரிகானில் முதல் பத்துக்குள் நுழைந்தார். 2005இல் அதே தொடரின் இரண்டாம் பருவத்துக்குப் பாடிய எடர்னல் பிளேஸ் இரண்டாம் இடம் வரை போனது, வரிகளும் அவரே எழுதியது. இசை அகெமாட்சு நொரியாசு. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள், பிற்பாடு சிம்ஃபோகியரை உருவாக்கியவர்களில் இவரும் ஒருவர்.

அப்புறம் 2009. ஜூனில் அல்டிமேட் டைமண்ட் ஆல்பம் ஓரிகானில் முதலிடம். குரல் கலைஞர் ஒருவரின் ஆல்பம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. 2010 ஜனவரியில் ஃபான்டம் மைண்ட்ஸ் சிங்கிளும் முதலிடம், அதுவும் குரல் கலைஞர்களில் முதல். நடுவில் 2009 டிசம்பர் 31 இரவு ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே.வின் கோஹாகு உத்தா காஸ்ஸென் நிகழ்ச்சி. ஜப்பானில் வருஷக் கடைசி ராத்திரி குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பார்ப்பது, என்கா பாடகர் ஒவ்வொருவருக்கும் அந்த மேடையில் நிற்பதுதான் வாழ்நாள் ஆசை. அங்கே அவர் ஷின்ஆய் பாடினார். மகள் என்கா பாடகி ஆக வேண்டும் என்று ஆசைப்பட்ட அப்பா அதைப் பார்க்கவில்லை, 2008இலேயே இறந்துவிட்டார். நான் அந்தப் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் இது நெஞ்சை அடைக்கும். அந்தப் பாட்டின் பெயரையே 2011இல் எழுதிய தன்வரலாற்றுக்கும் வைத்தார். 2014 வரை தொடர்ந்து ஆறு வருஷம் கோஹாகுவில் பாடினார்.

2011 டிசம்பரில் டோக்கியோ டோம் ஸ்டேடியத்தில் இரண்டு நாள் கச்சேரி. 2016இல் கோஷியென் பேஸ்பால் மைதானம். 2017இல் டோக்கியோவின் இம்பீரியல் தியேட்டரில் கேரோல் கிங் வாழ்க்கையைச் சொல்லும் இசை நாடகத்தில் ஹிராஹாரா அயகாவோடு மாறி மாறி முதன்மை வேடம். இதற்கு நடுவில் ஹினாட்டாவை விடவில்லை, நருட்டோவின் தொடர்ச்சியான போருட்டோவிலும் அவரேதான். இதைத்தான் நான் உன்னிடம் அழுத்திச் சொல்ல வருகிறேன்: பாட்டு பெரிதானதும் குரல் நடிப்பைக் கீழே போடவில்லை, சின்ன வேடங்களுக்கும் ஸ்டுடியோவுக்குப் போய் நின்றார்.

---

முதுநகர்_வார்டு (கடலூர்)

நான் நர்ஸ், முதுநகரில் வீடு. நானா பற்றி கெடிலக்கரை தம்பி எல்லாம் சொல்லிவிட்டார். வீட்டில் பேங்க் பரீட்சை என்று சொன்னாய் பார், அதற்காக ஹயாஷிபாரா மெகுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

1967இல் பிறந்தவர். பள்ளி முடித்ததும் நர்சிங் படிப்பிலும் சேர்ந்தார், அதே காலத்தில் குரல் நடிப்புப் பயிற்சிக்கும் போனார். பகலில் வார்டு, வகுப்பு, மீதி நேரத்தில் ஒத்திகை. நர்சிங் பயிற்சி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், கால் வீங்கி வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்கவே மனசு வராது, அதில் இன்னொன்றையும் சேர்த்துச் செய்வது சாதாரணம் இல்லை. நர்ஸ் தகுதியை முறையாக முடித்தார். 1986இல் மைசன் இக்கொக்கு தொடரில் சின்னச் சின்ன வேடங்களோடு தொடங்கினார். பிறகு ரன்மா, ஸ்லேயர்ஸின் லீனா, எவாஞ்சலியனின் ரெய், கவ்பாய் பீபாப்பின் ஃபே, கோனனில் ஹைபாரா, போகிமானில் டீம் ராக்கெட் பெண். 90களில் ஜப்பானில் டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு சேனலில் இவர் குரல் இருந்திருக்கும்.

பாட்டு 1991இலிருந்து, ஸ்லேயர்ஸ் பாட்டில் பெரும்பாலானவை அவர் பாடியதுதான். ஆனால் நானா மாதிரி மேடை மேடையாகப் போகவில்லை. பாடத் தொடங்கி இருபத்தைந்து வருஷம் தாண்டி 2017இல்தான் முதல் தனிக் கச்சேரியே செய்தார். அதற்குப் பதிலாக வானொலி. 1992இல் தொடங்கிய டோக்கியோ பூகி நைட் நிகழ்ச்சியை முப்பது வருஷம் தாண்டியும் விடாமல் நடத்தினார். ஸ்டுடியோவில் பாடு, வானொலியில் பேசு, வேடத்துக்குக் குரல் கொடு, அது ஒரு வாழ்க்கை. ஸ்டேடியம்தான் அளவுகோல் என்று வைத்துக்கொண்டால் இவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டிகிரியை முடி அம்மா. அது உன் பாட்டை எங்கேயும் தடுக்காது.

---

வில்லியனூர்_பிளாட்ஃபாரம் (புதுச்சேரி)

ஏன் அங்கே எல்லாரும் பாடுகிறார்கள் என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். காசுதான் முதல் காரணம், இதை மறைக்க வேண்டியதில்லை.

அங்கே நடிகர் சங்கம் வகுத்த தர வரிசை இருக்கிறது. புதுமுகத்துக்கு அரைமணி நேர அத்தியாயம் ஒன்றுக்கு 15,000 யென். ஒரு வரி பேசினாலும் அவ்வளவுதான், கதாநாயகியாக நூறு வரி பேசினாலும் அவ்வளவுதான். இதில் ஏஜென்சி பங்கு போக மிச்சத்தை வைத்து டோக்கியோவில் வாடகை கொடுத்துப் பிழைப்பது கஷ்டம். அதனால் விளையாட்டு, விளம்பரம், வானொலி, பாட்டு, மேடை நிகழ்ச்சி எல்லாம் சேர்ந்துதான் ஒரு வருமானம்.

இன்னொரு பக்கம் பார்த்தால், ஆனிமே ஒன்றுக்கு ஒரே தயாரிப்பாளர் கிடையாது. டிவி நிறுவனம், புத்தகப் பதிப்பகம், பொம்மைக் கம்பெனி, இசைக் கம்பெனி எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டுத் தயாரிப்புக் குழு அமைக்கிறார்கள். அந்தக் குழுவில் கிங் ரெக்கார்ட்ஸ் இருந்தால் முகப்புப் பாட்டு அவர்கள் கலைஞருக்குப் போகும், அதே கலைஞர் அதில் குரலும் கொடுத்தால் பாட்டு தொடரை விற்கும், தொடர் பாட்டை விற்கும். இதற்கு மேல் கதாபாத்திரமே பாடுகிற மாதிரி தனி ஆல்பம் போடுகிற பழக்கமும் அங்கே உண்டு, அந்தக் குரலிலேயே பாட வேண்டும் என்பதால் நடிகர்தான் பாடியாக வேண்டும்.

இது நானாவோடு தொடங்கியதும் இல்லை. 1982இல் மேக்ராஸ் தொடரில் பாடகி வேடத்துக்கு ஈஜிமா மாரி குரலும் கொடுத்துப் பாட்டும் பாடினார், அவர் அப்போது இசைக் கல்லூரி மாணவி. 1997இல் ஷீனா ஹெகிரு டோக்கியோவின் புடோகான் அரங்கில் தனிக் கச்சேரி செய்தார், குரல் கலைஞர்களில் அங்கே தனியாக ஏறிய முதல் ஆள். அப்படி ஒவ்வொருவராகத் திறந்த வழியில்தான் 2011இல் டோக்கியோ டோம் வந்தது. நானாவின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அந்த அமைப்பு இல்லாமல் அவர் நீஹாமாவில் பாடிக்கொண்டிருந்திருப்பார் என்பது என் கருத்து.

ஜப்பானுக்கே போகிற யோசனை இருந்தால் மொழி முதலில். சென்னையில் ஜூலையிலும் டிசம்பரிலும் ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழித் திறன் பரீட்சை நடக்கிறது. சீனாவிலிருந்து போன லியு என்கிற பெண் லவ் லைவ் சூப்பர்ஸ்டாரில் சீன மாணவி வேடத்துக்கே குரல் கொடுத்துத் தனியாகவும் பாடுகிறார், அதனால் வெளிநாட்டவருக்கு வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ரொம்பக் குறுகலான வழி.

---

சாலிகிராமம்_ஹெட்ஃபோன் (சென்னை, சொந்த ஊர் நெல்லிக்குப்பம்)

டப்பிங் வேலையில் இருக்கிறேன். வில்லியனூர் நண்பர் சொன்னதை வைத்தே தொடர்கிறேன், அந்த அமைப்பு நம்மிடம் இல்லை. தமிழில் வெளிவருகிற ஆனிமேவில் முகப்புப் பாட்டைப் பெரும்பாலும் ஜப்பானிய மொழியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதனால் குரல் கொடுத்த தொடரிலேயே பாடவும் வாய்ப்புக் கிடைக்கும் என்று கணக்குப் போடாதே தங்கச்சி. இங்கே இரண்டும் இரண்டு தனித் தெரு, இரண்டிலும் தனித்தனியாக நடக்க வேண்டும்.

ஆனால் நடந்தவர்கள் இருக்கிறார்கள். சின்மயி 2002இல் ஒரு தெய்வம் தந்த பூவே பாடி வந்தவர், பிறகு விண்ணைத்தாண்டி வருவாயாவில் த்ரிஷாவுக்குக் குரல். எஸ்.பி.பி. தெலுங்கில் கமலுக்குக் கொடுத்த குரலை அங்கே இன்னும் பேசுகிறார்கள். பாட்டு தெரிந்தவருக்கு டப்பிங்கில் என்ன லாபம் என்று கேட்டால், காலக்கணக்கு. திரையில் வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது, நடுவில் மூச்சு எங்கே விழுகிறது என்பதைப் பிடிக்க வேண்டும். தாளம் உடம்பில் ஊறியவர்களுக்கு அது சீக்கிரம் வரும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதே சமயம் பாட்டுக்காரர்களுக்கு ஒரு சிக்கலும் உண்டு. குரல் அழகாக இருக்க வேண்டும் என்கிற பழக்கம் போகாது. அழுகிற காட்சியிலும் சுருதி சுத்தமாக அழுவார்கள், இயக்குநர் "அழகா வேண்டாம்மா, மூக்கு அடைச்ச மாதிரி பேசு" என்று திரும்பத் திரும்பச் சொல்வார். ஹினாட்டாவைக் கேள். அந்தத் தயக்கத்தில் குரல் உடைகிறது, காற்று மட்டும் வருகிறது, பாட்டில் அத்தனை பலம் உள்ளவர் அதை முழுசாக அடக்கி வைத்துவிட்டுப் பேசுகிறார். அதுதான் நடிப்பு.

வேலை எப்படி நடக்கும் என்றால், முதலில் வாய்ஸ் டெஸ்ட். பிறகு க்ரவுட், அதாவது சந்தைக் கூச்சல், பள்ளிக்கூடச் சத்தம், பின்னால் பேசுகிற குரல்கள். பிறகு பிட் வேடங்கள். காட்சியைத் துண்டு துண்டாகப் போட்டுக் காட்டுவார்கள், ஹெட்ஃபோனில் மூலக் குரல் ஓடும், கையில் தமிழ் வசனம். இப்போது ஆளுக்குத் தனித்தனி டிராக் என்பதால் நீ மட்டும் தனியாக நின்று பேசுவாய், எதிரில் பேசுகிற ஆளின் குரல் இன்னும் பதிவாகாமலேகூட இருக்கலாம். ஜப்பானில் பெரும்பாலும் எல்லா நடிகர்களும் ஒரே அறையில் நின்று, மூன்று நான்கு மைக்குக்கு முறை வைத்துச் சத்தமில்லாமல் வந்து பேசிவிட்டு விலகுவார்கள். எதிராளியின் குரல் காதில் விழ விழப் பேசுவது வேறு. அந்தச் சூழலுக்கு நாங்கள் எல்லாம் ஏங்குகிறோம்.

சினிமாவுக்குப் பேச யூனியன் அட்டை கேட்பார்கள், அதற்குச் செலவு உண்டு, முதல் வருஷமே அதில் இறங்காதே. அப்புறம் ஒரு எச்சரிக்கை. என்னிடம் ஒரு பயிற்சி மையம் பெரிய தொகை வாங்கிக்கொண்டு ஒரு சான்றிதழ் கொடுத்தது, எந்த ஸ்டுடியோவிலும் அந்தக் காகிதத்தை யாரும் கேட்கவில்லை. மைக் முன்னால் நிறுத்தி, படத்தை ஓடவிட்டு, பதிவைத் திரும்பப் போட்டுக் காட்டுகிற இடம் என்றால் மட்டும் பணம் கட்டு.

---

லாஸ்பேட்டை_தம்புரா (புதுச்சேரி)

அக்கா, அண்ணன்கள் எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்லை, அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், நர்சிங் கதையை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

இன்னும் இரண்டு விஷயம் கேட்க வேண்டும். சிம்ஃபோகியரில் சண்டைக் காட்சியில் மூச்சு வாங்குகிறது, நடுவில் அடி விழுந்தால் பாட்டு திக்குகிறது, அதை எப்படிப் பதிவு செய்தார்கள்? அப்புறம் கத்துகிற காட்சிகளும் கிசுகிசுக் குரலும் பாட்டுத் தொண்டையைக் கெடுக்குமா? எங்கள் பாட்டு டீச்சர் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்.

---

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

சரி, சிம்ஃபோகியர். சாதாரணமாக ஒரு தொடரில் பாட்டை இசைக் கூடத்தில் தனியாக நிதானமாகப் பதிவு செய்து காட்சியில் ஒட்டிவிடுவார்கள். இதில் அப்படிச் செய்தால் நீ சொன்ன அந்த மூச்சு வராது. அதனால் வசனம் பதிவு செய்கிற அறையிலேயே, படத்தைப் பார்த்தபடி, சண்டையின் போக்குக்கு ஏற்ப நடிகர்களைப் பாடவைத்தார்கள். கத்தி மோதினால் குரல் அதிரும், தூக்கி எறியப்பட்டால் வரி பாதியில் அறுந்துபோகும், எழுந்து நின்று விட்ட இடத்திலிருந்து பிடிப்பார்கள். ஆல்பத்தில் இருக்கிற பதிவும் தொடரில் வருகிற பதிவும் வேறு வேறு, இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். யூகி அஓய் அதில் ஹிபிகியாக வருகிறார், அவர் பாட்டுக்குப் பெயர் போனவர் இல்லை, நடிப்புக்குப் பெயர் போனவர், அவர் பாடும்போது கோபமும் அழுகையும்தான் முதலில் காதில் விழும். நானாவுக்கு நேர்மாறு, குரல் எவ்வளவு அதிர்ந்தாலும் சுருதி கீழே விழாது. இரண்டும் ஒரே தொடரில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான் எனக்கு அந்தத் தொடரிலேயே பிடித்தது.

முதல் பருவத்தில் ட்சுபாசாவின் ஜோடியாகக் கனாடே வருவாளே, அந்தக் குரல் தாகயாமா மினாமி, 1996இலிருந்து கோனனாகப் பேசுகிறவர். அவரும் பாடகிதான். டூ-மிக்ஸ் குழுவில் 1995இல் கண்டம் விங் தொடருக்குப் பாடினார். அந்த இரண்டு பேரையும் மேடையில் ஜோடியாகப் பாடவைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

நீ பாட்டு கற்றவள் என்பதால் இன்னொன்று. நானா ஒரு நீண்ட சுரத்தில் நிற்கும்போது முடிவில் குரலை ஒரு சுழற்றுச் சுழற்றி இறக்குவார் பார், அது என்காவிலிருந்து வந்தது. நம் கமகம் மாதிரியே இருக்கும், ஆனால் அங்கே ராகத்துக்காக இல்லை, வார்த்தையின் வலியைச் சொல்வதற்காக. ராக் கிட்டார் பின்னால் இரைந்துகொண்டிருக்கும்போது அந்தப் பழைய அசைவு நடுவில் எட்டிப் பார்க்கும். அப்பா கரோக்கே வகுப்பில் கொடுத்த பயிற்சி வீணாகவே இல்லை.

---

முதுநகர்_வார்டு (கடலூர்)

தொண்டை விஷயம் நான் சொல்கிறேன். கத்துவது கெடுதல் என்று எல்லாருக்கும் தெரியும், கிசுகிசுப்பும் குரல் நாணைச் சோர்வாக்கும் என்பது பலருக்குத் தெரியாது. பேச்சு அதிகமான நாளில் சாயங்காலம் சாதகம் வேண்டாம். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கக் குடி, தொண்டை காய்ந்த பிறகு ஒரு சொம்பைக் கவிழ்த்துக்கொண்டால் பயன் இல்லை. சளி பிடித்திருக்கும்போது தொண்டையைக் கனைத்துக் கனைத்துப் பாடாதே. குரல் கம்மிப் போய் இரண்டு மூன்று வாரமாகியும் சரியாகவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தில் உட்காராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போ, குரல் நாணில் முடிச்சு வந்திருந்தால் ஆரம்பத்தில் ஓய்வும் பேச்சுப் பயிற்சியுமே போதும். பாட்டு டீச்சர், மேடைப் பேச்சாளர், காய்கறி விற்பவர் என்று குரலால் பிழைக்கிற எல்லாருக்கும் இது வரும்.

---

சாலிகிராமம்_ஹெட்ஃபோன் (சென்னை, சொந்த ஊர் நெல்லிக்குப்பம்)

அக்கா சொன்னதோடு ஒன்று. நல்ல ஸ்டுடியோவில் கத்துகிற துண்டுகளை எல்லாம் கடைசிக்கு ஒதுக்கிவைத்து ஒரேயடியாக எடுப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் நீயே கேள், கேட்பது தப்பே இல்லை. பாட்டில் அடிவயிற்றிலிருந்து மூச்சு எடுத்துப் பழகியிருப்பாய், கத்தும்போதும் அங்கிருந்தே எடு, கழுத்து நரம்பு புடைக்கிறது என்றால் தப்பாகக் கத்துகிறாய்.

புதுச்சேரியில் எங்கே தொடங்குவது என்று கேட்டாய். பாண்டிச்சேரி பல்கலைக்கழகத்தில் புதுவை வாணி சமுதாய வானொலி இருக்கிறது, 107.8. உள்ளே போய் நிகழ்ச்சி செய்ய என்ன வழி என்று விசாரி. அகில இந்திய வானொலியில் நாடகத்துக்குத் தனியாக, மெல்லிசைக்குத் தனியாகக் குரல் தேர்வு உண்டு, புதுச்சேரி நிலையத்தில் அடுத்து எப்போது என்று கேட்டு வை, இரண்டுக்கும் விண்ணப்பம் போடு. வானொலி நாடகம் பழகியவர்களுக்கு உதட்டசைவு வராவிட்டாலும் நடிப்பு வரும். எங்கள் துறையில் மூத்தவர்கள் பல பேர் அந்தப் பக்கமிருந்து வந்தவர்கள்தான். பாட்டை முறையாகத் தொடர வேண்டுமென்றால் அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம், கொஞ்சம் தள்ளிப் போனால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறை.

வீட்டில் பயிற்சிக்கு ஒரு வழி: பிடித்த காட்சி ஒன்றை எடுத்து, அரை நிமிஷம் போதும், நீயே தமிழில் வசனம் எழுது. வாய் அசைவுக்குப் பொருந்துகிறதா என்று சத்தத்தை நிறுத்திவிட்டுப் பேசிப் பார், கைபேசியிலேயே பதிவு செய். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் படம் தமிழ்க் குரலோடு தியேட்டருக்கே வந்துவிட்டது, ஆகவே இந்த வேலை குறையப் போவதில்லை. தமிழ் சுத்தமாகப் பேசத் தெரிந்த, ழ ள ல குழப்பாத பிள்ளைகளைத்தான் தேடுகிறோம்.

---

வில்லியனூர்_பிளாட்ஃபாரம் (புதுச்சேரி)

மாதிரிக் குரல் பதிவு தயாரானால் இங்கேயே போடுங்கள், நாங்கள் கேட்டுக் கருத்துச் சொல்கிறோம். பஸ்ஸில் சென்னைக்கு மூன்று நான்கு மணி நேரம், வாய்ஸ் டெஸ்டுக்குக் காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம், அதற்காகப் படிப்பை விட்டுச் சென்னையில் அறை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

---

லாஸ்பேட்டை_தம்புரா (புதுச்சேரி)

வானொலி நிலையத்தில் இந்த வாரமே விசாரிக்கிறேன் அண்ணா. நாடகத்துக்கும் சேர்த்து விண்ணப்பம் போடலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. டிகிரியையும் முடிக்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிட்டேன். கெடிலக்கரை அண்ணா, நானா பாட்டை எந்த வரிசையில் கேட்டால் அவர் குரல் மாறியது புரியும்?

---

கெடிலக்கரை (கடலூர், மஞ்சக்குப்பம்)

2000இல் வந்த முதல் சிங்கிளிலிருந்து தொடங்கு, அதில் இன்னும் அடக்கிப் பாடுகிறார். அடுத்து எடர்னல் பிளேஸ், ஸ்டுடியோ பதிவைக் கேட்டதும் டோக்கியோ டோம் மேடைப் பதிவைக் கேள், ஓடிக்கொண்டே பாடுகிறார், மூச்சை எங்கே திருடுகிறார் என்று கவனி, உனக்கு அது பாடம். பிறகு ஷின்ஆய், அதை மட்டும் தனியாக ஒரு ராத்திரி. 2013இல் பாடகர் டி.எம். ரெவல்யூஷனோடு சேர்ந்து பாடியவையும் உண்டு, பலமான ஆண் குரலுக்குப் பக்கத்தில் நின்று எப்படி விட்டுக்கொடுக்காமலும் முந்தாமலும் பாடுகிறார் என்று பார். சிம்ஃபோகியரை மட்டும் நடுவில் நுழைந்து பார்க்காதே, 2012 முதல் பருவத்திலிருந்து 2019 வரை ஐந்தையும் வரிசையாகப் பார், ட்சுபாசாவின் பேச்சுக் குரல் எங்கே இளகத் தொடங்குகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு வந்து சொல், எனக்கு ஒரு அத்தியாயம் தோன்றுகிறது, உனக்கும் அதுதானா என்று பார்க்கிறேன்.